நெட் ஏன் நிக்குது: ஸ்விட்ச் பஃபர் நிறைஞ்சா எங்க கை வைக்கணும்

காரைக்குடி பக்கம் நெட்வொர்க் வேலை பாக்குறவனுக்கு மொத எதிரி வீடுதான். செட்டியார் வீடு முன் தெருவுல ஆரம்பிச்சு பின் தெருவுல போய் முடியும், முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுன்னு போய்க்கிட்டே இருக்கும், சுவரெல்லாம் சுண்ணாம்புச் சாந்து பூசின கனத்த செங்கல் சுவரு, வைஃபை சிக்னல் வளவ தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கிரும். அதனால கேபிள்தான் கதி. கேபிளும் 100 மீட்டருக்கு மேல கணக்கு கெடையாது, சில வீட்டுக்கு அதுவே பத்தாது, அப்ப நடுவுல ஒரு அஞ்சு போர்ட் ஸ்விட்ச் (பல கேபிள ஒண்ணா சேக்குற டப்பா), அங்கேருந்து இன்னொண்ணு, அந்தந்த வருஷம் கடையில எது கெடச்சுதோ அது. ஒண்ணு கிகாபிட்டு, அதாவது 1000 எம்பிபிஎஸ், ஒண்ணு 100, எதுலயும் உள்ள போய்ப் பாக்க வழியில்லாத அன்மேனேஜ்டு டப்பா.

இப்படிப்பட்ட எடத்துலேருந்து வர்ற கம்ப்ளைன்ட் எல்லாமே ஒரே வாக்கியம்தான், "நெட் ஸ்லோவா இருக்குண்ணே". உடனே ரூட்டர மாத்துறது, ப்ளான ஏத்துறது, கனெக்ஷன் குடுத்தவங்கள திட்டுறது. பாதி நேரம் குத்தம் வெளிய இல்ல, உள்ள இருக்குற ஸ்விட்ச்சோட பஃபர், அதாவது வர்ற டேட்டாவ கொஞ்ச நேரம் புடிச்சு வைக்கிற மெமரி, நிறைஞ்சு போய் அது என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்குது. அதத்தான் அறிகுறி வாரியா எழுதுறேன், உங்க எடத்துல எது நடக்குதோ அங்க போய் படிச்சுக்கங்க. ஆனா அதுக்கு முன்னாடி இந்த பந்தி கதைய மட்டும் படிச்சுருங்க, இல்லன்னா பின்னாடி சொல்றது புரியாது.

கல்யாணப் பந்தி நெனச்சுக்கங்க. அடுப்படியிலேருந்து அண்டாவுல சாம்பார் வருது, வாளிய ஒருத்தர் தூக்கிட்டு போறாரு, இலையில ஊத்துறாரு. அடுப்படிதான் டேட்டா அனுப்புற கம்ப்யூட்டரு, இலைதான் வாங்குற கம்ப்யூட்டரு, வாளிதான் ஸ்விட்ச்சோட பஃபர். சாப்பிடுற வேகத்தவிட அடுப்படிக்காரன் வேகமா வாளியில ஊத்துனா என்ன ஆகும், வாளி வழியும். அதுதான் பாக்கெட் டிராப் (டேட்டா சின்னச் சின்ன பொட்டலமாத்தான் போகும், அதுக்குப் பேரு பாக்கெட், வயர்ல போகும்போது ஃப்ரேம்). வழியக் கூடாதுன்னா வாளிக்காரர் திரும்பி "இருப்பா, ஊத்தாத"ன்னு கத்தணும். அதுதான் ஃப்ளோ கண்ட்ரோல், 1997ல வந்த 802.3எக்ஸ் ஸ்டாண்டர்டு. கத்துறதுக்குப் பேரு பாஸ் ஃப்ரேம் (பஸ் பாஸ் இல்லீங்க, பாட்டு ஓடும்போது அமுக்குற பாஸ்). சாப்பிடுறவரும் இலைக்கு மேல கைய காட்டி போதும்னு சொல்லலாம், அதாவது கம்ப்யூட்டரே ஸ்விட்ச்ச பாத்து பாஸ் அனுப்பலாம். ரெண்டு பக்கமும் வரும்.

இப்ப வில்லங்கம் எங்கன்னா, வாளிக்காரர் அடுப்படிய பாத்து "ஊத்தாத"ன்னு கத்துனா, அவன் யாருக்கு ஊத்தக்கூடாதுன்னு கேக்க மாட்டான், மொத்தமா கரண்டிய கீழ வச்சுருவான். மெதுவா சாப்பிடுற ஒரு தாத்தாவுக்காக பக்கத்து வரிசையில பசியோட ஒக்காந்துருக்குற இருபது பேருக்கும் சாம்பார் வராது. பாஸ் ஃப்ரேம்ல "இன்னாருக்கு மட்டும் நிறுத்து"ன்னு சொல்ல எடமே கெடையாது. எவ்வளவு நேரம் நிறுத்தணும்ங்கிறது மட்டும்தான் இருக்கும், 0லேருந்து 65535 வரைக்கும் ஒரு நம்பரு, ஒவ்வொரு யூனிட்டும் 512 பிட் அனுப்புற நேரம். கிகாபிட்ல அதிகபட்சம் போட்டா சுமார் 33.5 மில்லிசெகண்ட், 100 எம்பிபிஎஸ்ல 335 மில்லிசெகண்ட். 0 போட்டு அனுப்புனா "சரி ஊத்து"ன்னு அர்த்தம். ஃப்ரேம் போற முகவரி 01-80-சி2-00-00-01, ஈதர்டைப் (என்ன வகை ஃப்ரேம்னு சொல்ற நம்பரு) 8808, இத எந்த ஸ்விட்ச்சும் அடுத்த போர்ட்டுக்கு தாண்டி விடாது, ஒரு வயரோட ரெண்டு முனைக்கு நடுவுல மட்டும்தான் பேச்சு. அதனால நெரிசல் தீராது, ஒரு எட்டு பின்னாடி போய் நிக்கும், அங்க நிறைஞ்சா இன்னும் ஒரு எட்டு பின்னாடி.

சரி, அறிகுறிக்கு வருவோம்.

"ஒருத்தர் பெரிய ஃபைல் அனுப்புனா எல்லாருக்கும் நெட் படுத்துக்குது"

காரைக்குடியில கல்யாண பத்திரிக்கை அடிக்கிற ஒரு ப்ரெஸ். உள்ள ஒரு சர்வரு, கிகாபிட் கார்டு. பில்லிங் கவுண்டர் கம்ப்யூட்டரும் டிசைன் பண்ற மூணு கம்ப்யூட்டரும் கிகாபிட்டு. ப்ளேட் போடுற மெஷினோட ஒட்டிக்கிட்டு இருக்குற பழைய கம்ப்யூட்டர் மட்டும் 100 எம்பிபிஎஸ் கார்டு, அத மாத்தினா மெஷின் சாஃப்ட்வேர் ஓடாதுன்னு யாரும் தொடுறதில்ல. வைகாசி முகூர்த்த சீசன்ல பெரிய பெரிய ஃபைலா அந்த மெஷினுக்கு போகும், அந்த நேரம் பாத்து பில்லிங் சாஃப்ட்வேர் தொங்கும். ஓனர் அண்ணன் சொன்னாரு, "ஏப்பா, ப்ளேட்டுக்கும் பில்லுக்கும் என்னப்பா சம்பந்தம், வேற வேற கம்ப்யூட்டர்தானே". நியாயமான கேள்விதான்.

சம்பந்தம் என்னன்னா ரெண்டுக்கும் தாய் ஒரே சர்வர். சர்வர் 1000ல ஊத்துது, ப்ளேட் கம்ப்யூட்டர் 100ல குடிக்குது, மிச்ச 900 ஸ்விட்ச் பஃபர்ல சேருது. அந்த மாதிரி சின்ன டப்பாவுல மொத்த பஃபரே 128 கேபி அளவுலதான் இருக்கும், கணக்கு போட்டு பாருங்க, ஒரு மில்லிசெகண்டுக்கு கொஞ்சம் மேல ஆனாலே நிறைஞ்சுரும், முழு சைஸ் ஃப்ரேம்னா எண்பத்தி சொச்சம்தான் கொள்ளும். நிறைஞ்ச ஒடனே ஸ்விட்ச் சர்வர பாத்து பாஸ் அனுப்புது. சர்வர் மரியாதையா நிறுத்திருது, பில்லிங் கவுண்டருக்கு போகவேண்டியதும் சேந்து நிக்குது. கொஞ்சம் காலியானதும் ஆரம்பிக்குது, திரும்ப நிறையுது, திரும்ப பாஸ். கிகாபிட் சர்வர் மொத்தமும் அந்த கெழட்டு கம்ப்யூட்டரோட நடைக்கு எறங்கி வந்துருது. இதுக்கு ஹெட் ஆஃப் லைன் ப்ளாக்கிங்னு பேரு, நம்ம பாஷையில வரிசையில மொத ஆள் நின்னா பின்னாடி எல்லாரும் நிக்கிறது.

இதுலயே இன்னொரு கூத்து, பாக்கெட்டே டிராப் ஆகாததால டிசிபிக்கு, அதாவது கம்ப்யூட்டர்ல டேட்டா அனுப்புற வேகத்த பாத்துக்கிற முறைக்கு, நெரிசல்னு தெரியவே தெரியாது. டிசிபிக்கு டிராப்தான் சிக்னலு, ஒண்ணு ரெண்டு விழுந்தா "ஓ, கூட்டமா இருக்கு"ன்னு தானா வேகத்த கொறச்சுக்கும், அதுவும் எந்த கனெக்ஷன்ல விழுந்துச்சோ அது மட்டும்தான் கொறைக்கும். பாஸ் வந்து அந்த சிக்னல மறைச்சுருது, டிசிபி பாட்டுக்கு எல்லாம் சுகம்னு நெனச்சு இன்னும் ஊத்தப் பாக்கும்.

செக் பண்றது எப்படின்னா ஐபெர்ஃப்3ன்னு வேகம் அளக்குற சாஃப்ட்வேர் போட்டு சர்வர்லேருந்து ஒரு கிகாபிட் கம்ப்யூட்டருக்கு ஓட விடுங்க, 940 எம்பிபிஎஸ் பக்கம் வரணும். அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே சர்வர்லேருந்து 100 எம்பிபிஎஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு பெரிய ஃபைல தள்ளுங்க. மொத ஓட்டம் 800க்கு மேலயே நின்னா பிரச்சன இது இல்ல. சடார்னு 100 பக்கத்துல வந்து ஒக்காந்தா இதுதான். ப்ரெஸ்ல அப்படித்தான் ஒக்காந்துச்சு, பக்கத்துல நின்ன ஓனர் அண்ணனுக்கே புரிஞ்சுபோச்சு.

தீர்வு, சர்வர் கார்டுல ஃப்ளோ கண்ட்ரோல ஆஃப் பண்ணுங்க. விண்டோஸ்னா டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் கார்டு, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, அதுல ஃப்ளோ கண்ட்ரோல்னு ஒரு வரி இருக்கும், டிஸேபிள்டு போடுங்க. லினக்ஸ்னா ஈத்டூல் கமாண்டு, சின்ன ஏ ஆப்ஷன் போட்டா இப்ப என்ன நெலமன்னு காட்டும், பெரிய ஏ போட்டா மாத்தலாம். பாஸ் ரெண்டு முனையும் பேசி ஆட்டோ நெகோஷியேஷன்ல ஒத்துக்கிட்டாத்தான் ஓடும், அதனால ஒரு பக்கம் எடுத்தாலே பொதுவா போதும், அன்மேனேஜ்டு டப்பாவுல எடுக்க வழியே இல்லாததால இதுதான் நமக்கு ஒரே வழியும் கூட. மாத்துற நேரம் லிங்க் ஒருதடவ விழுந்து எந்திரிக்கும், அதனால பில் போட்டுக்கிட்டு இருக்கும்போது செய்யாதீங்க, நான் ஒருதடவ செஞ்சு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

எடுத்ததுக்கு அப்புறம் ப்ளேட் மெஷினுக்கு போற காப்பி கொஞ்சம் டிராப் வாங்கும், வேகம் லேசா ஏறி எறங்கும், வாங்கட்டும். மெதுவானவன் மெதுவா போறது அவன் பாடு, அடுத்தவன இழுக்காம இருந்தா சரி.

"திடீர்னு மொத்த எடமும் செத்துருது, ஒரு வயர புடுங்கினா உசிரு வருது"

இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச கேஸு. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு, முன்பக்கம் ஓட்டலா நடத்துறாங்க, பின்கட்டுல வீட்டுக்காரங்க இருக்காங்க. தெனமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் நெட் போயிரும், ரிசப்ஷன், கார்டு மெஷினு, கேமரா எல்லாம். சாயங்காலம் தானா வந்துரும். ரூட்டர் ரெண்டு தடவ மாத்தியாச்சு, வெயில்ல சூடாகுதுன்னு ஒருத்தர் சொல்லி ஃபேன் வேற மாட்டி வச்சுருந்தாங்க.

நான் போனப்ப ரெண்டரை மணி. ஸ்விட்ச் வளவு மூலையில ஒரு மர பீரோ மேல இருந்துச்சு, எட்டு போர்ட். லைட்ட பாத்தேன். இங்கதான் கவனிக்கணும். லூப் விழுந்திருந்தா, அதாவது யாராவது ஒரே வயரோட ரெண்டு முனையையும் ஸ்விட்ச்லயே சொருகியிருந்தா, எல்லா லைட்டும் பேய் புடிச்ச மாதிரி ஒண்ணா அடிக்கும், கண்ணு கூசும். இங்க அப்படி இல்ல, எல்லா லைட்டும் சிவனேன்னு எரியுது, எப்பவாவது ஒரு சிமிட்டல், அஞ்சாம் நம்பர் மட்டும் விடாம துடிச்சுக்கிட்டு இருக்கு. எல்லாரும் வாயடைச்சு நிக்க ஒருத்தர் மட்டும் "இரு இரு இரு"ன்னு கத்துற மாதிரி.

அஞ்சாம் வயர புடுங்கினேன். ரெண்டு எண்ணுறதுக்குள்ள ரிசப்ஷன்லேருந்து "வந்துருச்சுண்ணே"ன்னு சத்தம். திரும்ப சொருகினேன், போச்சு. வயர புடிச்சுக்கிட்டே போனா ரெண்டாங்கட்டுல ஆச்சி ரூம்ல இருக்குற டெஸ்க்டாப்பு. ஆச்சி மத்தியானம் பேரன்கூட சிங்கப்பூருக்கு வீடியோ கால் பேசிட்டு படுத்துருவாங்க, கம்ப்யூட்டரும் கொஞ்ச நேரத்துல ஸ்லீப் மோடுக்கு போயிரும். சாயங்காலம் எந்திரிச்சு மவுஸ ஆட்டுனா வீடே எந்திரிக்கும். விஷயத்த சொன்னதும் ஆச்சி ஒரு பார்வ பாத்தாங்க, "ஏன் தம்பி, நான் தூங்குனா வீடே தூங்கணுமாக்கும்". சிரிச்சுக்கிட்டே கந்தரப்பம் குடுத்தாங்க, அதெல்லாம் சரியாத்தான் நடந்துச்சு.

உள்ள நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் தூங்கினாலும் வேக் ஆன் லேனுக்காக (வயர் வழியா எழுப்புற வசதி) நெட்வொர்க் கார்டுக்கு கரண்ட் இருக்கும், லிங்க் உசிரோட இருக்கும். வர்ற பாக்கெட்ட எடுத்துக்க மேல ஆள் இல்ல. கார்டோட சின்ன பஃபர் பிராட்காஸ்ட்டாலயே (எல்லாருக்கும் பொதுவா போற பாக்கெட்) நிறைஞ்சுரும், நிறைஞ்சதும் கார்டு பாஸ் அனுப்ப ஆரம்பிக்கும். ஒரு பாஸுக்கு 33 மில்லிசெகண்டுதான் ஆயுசு, ஆனா கார்டு விடாம புதுப்பிச்சுக்கிட்டே இருந்தா அந்த போர்ட்டு நிரந்தரமா அடைபட்டு போயிரும். நல்ல ட்ரைவரு, நல்ல கார்டுன்னா இப்படி செய்யாது, சில கார்டு செய்யும், ஹேங் ஆன கம்ப்யூட்டரும் செய்யும், சில டிவியும் செய்யும். இப்ப ஸ்விட்ச்சுக்குள்ள அந்த போர்ட்டுக்கு போக வேண்டிய பிராட்காஸ்ட் எல்லாம் தேங்குது, பஃபர் எல்லா போர்ட்டுக்கும் பொதுவுல இருக்குற ஒண்ணுதான், அது நிறைஞ்சதும் ஸ்விட்ச் தன் பங்குக்கு மத்த எல்லா போர்ட்டுக்கும் பாஸ் அனுப்ப ஆரம்பிச்சுருது. ஒரு தூங்குற கம்ப்யூட்டர், மொத்த வீடு காலி.

வயர்ஷார்க்னு பாக்கெட்ட புடிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் போட்டு புடிச்சுரலாம்னு நெனைக்காதீங்க, நானும் அப்படி அரைநாள் வீணாக்கினவன்தான். பாஸ் ஃப்ரேம கார்டு ஹார்டுவேரே முழுங்கிரும், பெரும்பாலான கார்டுல மேல சாஃப்ட்வேருக்கு வரவே வராது. கேப்சர்ல ஒண்ணுமே இல்லாம சுத்தமா இருக்கும், நீங்க நெட்வொர்க் நல்லா இருக்குன்னு நெனப்பீங்க. ஒண்ணு வயர ஒவ்வொண்ணா புடுங்கணும், இல்ல எத்தன பாஸ் போச்சு வந்துச்சுன்னு எண்ணிக் காட்டுற கவுண்டர் உள்ள ஸ்விட்ச் வேணும்.

ஆச்சி கம்ப்யூட்டர்ல ட்ரைவர் புதுசு போட்டு, ஃப்ளோ கண்ட்ரோல் ஆஃப் பண்ணி, வேக் ஆன் லேனையும் எடுத்துட்டேன், அவங்களுக்கு அது எதுக்கு. அடுத்த மாசம் ஓட்டல்காரர் ஸ்மார்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ள போய் செட்டிங் மாத்தக்கூடியது) ஒண்ணு வாங்கினாரு, அதுல எல்லா போர்ட்டுலயும் ஃப்ளோ கண்ட்ரோல் ஆஃப். என்ன கேட்டா கெஸ்ட்டு வந்து எத வேணா சொருகுற எடத்துல அத ஆன்ல வைக்கவே கூடாது, முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் கையில வீட்டு மெயின் சுவிட்ச்ச குடுக்குற மாதிரி அது.

"ஸ்பீட் டெஸ்ட் நல்லா வருது, கேமரா மட்டும் கட்டம் கட்டமா ஒடையுது"

சராசரிய பாத்து ஏமாறுற கேஸு இது. பதினாறு கேமரா, ஒவ்வொண்ணும் 4 எம்பிபிஎஸ், மொத்தம் 64, அப்லிங்க் (ஸ்விட்ச்லேருந்து ரெக்கார்டர் பக்கம் போற வயரு) 100, தாராளமா போகுதேன்னு தோணும். கேமரா ஒரே சீரா அனுப்பாதுங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவ முழுப் படம் ஒண்ணு அனுப்பும், அதுக்கு ஐ-ஃப்ரேம்னு பேரு, நடுவுல வர்றது மாறின பகுதி மட்டும், சின்னதா இருக்கும். கரண்ட் போய் வந்ததும் பதினாறும் ஒண்ணா பூட் ஆகுது, அப்ப ஐ-ஃப்ரேமும் பல நேரம் ஒண்ணா வந்து விழும். ஒவ்வொண்ணும் 100 கேபின்னு வச்சுக்கிட்டா மொத்தம் 1.6 எம்பி, 100 எம்பிபிஎஸ் அப்லிங்க்ல அது போய்ச் சேர 128 மில்லிசெகண்ட் ஆகும். வர்றதோ பதினாறு போர்ட்டும் சேந்து 1600 எம்பிபிஎஸ் வேகத்துல. ஸ்விட்ச்ல 256 கேபி பஃபர் இருந்தா ஒன்றரை மில்லிசெகண்ட் தாங்கும். மிச்சம்? கீழதான்.

இந்த மாதிரி கண்ணு இமைக்கிறதுக்குள்ள வந்து போற வெள்ளத்துக்கு மைக்ரோபர்ஸ்ட்னு பேரு. ஸ்விட்ச்சோட க்ராஃப்ல தெரியவே தெரியாது, அது அஞ்சு நிமிஷத்துக்கு சராசரி போட்டு 60 சதவீதம்னு அழகா ஒரு கோடு காட்டும். பாக்க வேண்டியது அப்லிங்க் போர்ட்டோட அவுட்புட் டிராப் கவுண்டரு. லிங்க்ல சிஆர்சி எர்ரரே (வழியில கெட்டுப்போய் வந்த ஃப்ரேம்) இல்லாம அவுட்புட் டிராப் மட்டும் ஏறுச்சுன்னா வயர் நல்லாருக்கு, வாளிதான் சின்னது.

இங்க ஃப்ளோ கண்ட்ரோல் ஆன் பண்ணா சரியாயிருமான்னு கேப்பாங்க. கேமரா தன்னோட பஃபர்ல கொஞ்சம் புடிச்சு வச்சுக்கும், டிராப் கொறையலாம், இந்த ஒரு எடத்துல அது ஒத்து வரும்னுதான் சொல்லுவேன், ஏன்னா ஒவ்வொரு கேமராவும் ஒரே எடத்துக்குத்தான், ரெக்கார்டருக்குத்தான் அனுப்புது, பக்கத்து வரிசைன்னு ஒண்ணு இல்ல. ஆனா அதே ஸ்விட்ச்ல ஐபி போன் இருந்தா வேண்டாம், பேச்சு நடுவுல பாஸ் விழுந்தா குரல் வெட்டும், நீங்க க்யூஓஎஸ் போட்டு குரலுக்கு முன்னுரிமை குடுத்து வச்சதெல்லாம் வீணாப்போகும், பாஸ் முன்னுரிமைய பாக்காது. உண்மையான தீர்வு அப்லிங்க்க கிகாபிட் ஆக்குறது, அத்தோட கேமரா செட்டிங்ல ஐ-ஃப்ரேம் இடைவெளிய அங்கங்க மாத்தி வைக்கிறது. பெரிய டேட்டா சென்டர்காரங்க இதுக்குன்னே 802.1க்யூபிபின்னு ஒண்ணு வச்சுருக்காங்க, எட்டு முன்னுரிமைக்கும் தனித்தனியா பாஸ் சொல்லலாம், சாம்பார மட்டும் நிறுத்து ரசம் வரட்டும்னு. நம்மூரு டப்பாவுல அது எதிர்பாக்காதீங்க.

"பிங் 1லேருந்து 200க்கு எகிறுது"

பிங்னா ஒரு சின்ன பாக்கெட் போய் திரும்பி வர்ற நேரம், மில்லிசெகண்ட்ல. இதுக்கு ஸ்விட்ச்ச பழி போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. 128 கேபி பஃபர் முழுசா நிறைஞ்சிருந்தாலும் கிகாபிட் போர்ட்டுல அது காலியாக 1 மில்லிசெகண்ட், 100ல பத்து சொச்சம். ஒரு பாக்கெட்ட 200 மில்லிசெகண்ட் புடிச்சு வைக்க அதுக்கு எடமே கெடையாது. அதனால டிராப் இல்லாம பிங் மட்டும் 200, 300ன்னு போனா ரூட்டர் இல்ல மோடத்தோட அப்லோட் வரிசைய பாருங்க, யாரோ கல்யாண வீடியோவ ஏத்திக்கிட்டு இருப்பாங்க. விதிவிலக்கு ஒண்ணே ஒண்ணு, வீட்டுக்குள்ளயே ஒரு கம்ப்யூட்டர்லேருந்து இன்னொண்ணுக்கு பிங் போட்டாலும் 200 வருதுன்னா பாஸ் சந்தேகப்படலாம், 100 எம்பிபிஎஸ் போர்ட்டுல ஒரே பாஸ் 335 வரைக்கும் நிறுத்தும்னு மேல சொன்னேன்ல.

"சிஆர்சி எர்ரர் ஏறுது, வேகமும் இல்ல"

இது பஃபர் கதையே இல்ல, ஆனா அப்படி வேஷம் போட்டு வரும். யாரோ ஒரு பக்கம் 100 ஃபுல் டூப்ளெக்ஸ்னு (ரெண்டு முனையும் ஒரே நேரத்துல பேசுறது) கையால போட்டு வச்சுருப்பாங்க, எதிர்ப்பக்கம் ஆட்டோல இருக்கும், பேச்சுவார்த்தைக்கு பதில் வராததால ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸ்க்கு (ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேசுறது) போயிரும். ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் (பாதி பேசும்போது எதிராளியும் பேசி முட்டிக்கிறது) ஏறும், ஃபுல் பக்கம் சிஆர்சி ஏறும். ரெண்டையும் ஆட்டோல விடுங்க, முடிஞ்சுது. ஹாஃப் டூப்ளெக்ஸ்ல பாஸ் ஃப்ரேம் கெடையாது, அங்க ஸ்விட்ச் பஃபர் நிறைஞ்சா வேணும்னே வயர்ல இரைச்சல் போட்டு எதிராளிய பேச விடாம பண்ணும், பேக் ப்ரெஷர்னு பேரு. ரவுடித்தனம்தான், ஆனா வேல செய்யும்.

"பாஸ் கவுண்டர் ஏறுது, யாரு குத்தம்?"

மேனேஜ்டு ஸ்விட்ச் வச்சுருக்குறவங்களுக்கு. ரெண்டு கவுண்டர் இருக்கும், ஆர்எக்ஸ்னா ஸ்விட்ச்சுக்கு வந்தது, டிஎக்ஸ்னா ஸ்விட்ச் அனுப்புனது, கொழப்பிக்காதீங்க. ஒரு போர்ட்டுல ஆர்எக்ஸ் பாஸ் ஏறுதுன்னா அந்த வயரோட மறுமுனையில இருக்குறவன் "போதும்"ங்கிறான், அவனாலதான் எடுத்துக்க முடியல. டிஎக்ஸ் பாஸ் ஏறுதுன்னா ஸ்விட்ச்சே அவன பாத்து "ஊத்தாத"ங்குது, அவன் மேல குத்தம் இல்ல, அவன் அனுப்புறது போய்ச்சேர்ற எடம் அடைச்சுருக்கு. டிஎக்ஸ் ஏறுற போர்ட்டு நாலு, ஆர்எக்ஸ் ஏறுற போர்ட்டு ஒண்ணுன்னா அந்த ஒண்ணுதான் ஆச்சி ரூமு. அதுக்கு அந்தப் பக்கமும் ஸ்விட்ச்னா அங்க போய் அதே கேள்விய திரும்ப கேக்கணும், கடைசியில ஏதோ ஒரு கம்ப்யூட்டர்ல இல்லன்னா ஒரு மெதுவான போர்ட்டுல போய் முட்டும். எங்கயுமே ஆர்எக்ஸ் இல்லாம டிஎக்ஸ் மட்டும் ஏறுனா அந்த ஸ்விட்ச்லயே ஒரு போர்ட்டு வேகம் கொறஞ்சது இருக்குன்னு அர்த்தம், ப்ரெஸ் கேஸ் மாதிரி.

சிஸ்கோவோட கேட்டலிஸ்ட் 2960, 3750 மாதிரி ஸ்விட்ச்ல டிஎக்ஸ் தேடி அலையாதீங்க, அதுங்க பாஸ் வந்தா கேட்டு நடக்கும், தானா அனுப்பாது. எனக்கு அந்த கொள்கை பிடிச்சுருக்கு. கம்ப்யூட்டர் பக்கத்துலேருந்து பாக்கணும்னா ஈத்டூல்ல பெரிய எஸ் போட்டா கவுண்டர் எல்லாம் கொட்டும், அதுல பாஸ்னு வர்ற வரிகள மட்டும் பாருங்க, பத்து நிமிஷம் விட்டு திரும்ப பாருங்க. நம்பர் பெருசா இருக்குறது முக்கியம் இல்ல, எப்பவோ ஏறினதா கூட இருக்கலாம், இப்ப ஏறுதா இல்லையாங்கிறதுதான் கேள்வி.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு"

யாரும் எதையும் மாத்தல, புதுசா எதுவும் வாங்கல, ஆனா நேத்துலேருந்து அவுட்புட் டிராப்பா கொட்டுது. அப்ப போர்ட் வேகத்த பாருங்க. தேவகோட்டையில ஒரு வீட்டுல இப்படித்தான், ரெண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவுல இருக்குற அப்லிங்க் 1000ல இருக்க வேண்டியது 100ல நின்னுச்சு. டப்பாவுல லைட் பச்சைக்கு பதிலா ஆரஞ்சா மாறியிருந்துச்சு, அத யாரும் கவனிக்கல, லைட்டு எரியுதுல்ல அப்புறம் என்னன்னு விட்டுட்டாங்க.

கிகாபிட்டுக்கு கேபிள்ல நாலு ஜோடியும் வேணும், 100 எம்பிபிஎஸ்க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். நீலமோ காப்பிக்கலரோ அறுந்தா லிங்க் மொத்தமா சாகாது, பல சிப்புல டவுன்ஷிஃப்ட்னு ஒண்ணு இருக்கு, கொஞ்சம் முயற்சி பண்ணிட்டு சத்தமில்லாம 100க்கு எறங்கிரும். எறங்கின நிமிஷத்துலேருந்து 1000ல வர்றது 100ல போகணும், பஃபர் வழிய ஆரம்பிக்கும், ஃப்ளோ கண்ட்ரோல் ஆன்ல இருந்தா பின்னாடி இருக்குற எல்லாரும் நிப்பாங்க. ஆளுங்க ஸ்விட்ச் போயிருச்சுன்னு புதுசு வாங்கிட்டு வருவாங்க, அதுவும் 100லயே நிக்கும்.

கேபிள் டெஸ்டர் போட்டேன், 7ம் 8ம் வரல, காப்பிக்கலர் ஜோடி. ஏணி போட்டு ரெண்டாங்கட்டு ஓட்டுக்கு கீழ உத்தரத்து ஓரமா போற கேபிள தடவிக்கிட்டே போனா ஒரு எடத்துல மேல் தோல் உரிஞ்சு உள்ள செம்பு தெரியுது, பக்கத்துல பஞ்சும் நாரும் வச்சு கட்டின அணில் கூடு. கூட்ட தொடக்கூடாதுன்னு வீட்டு அய்யா கீழேருந்து சொல்லிட்டாரு, குட்டி இருக்காம். சரின்னு அந்தப் பக்கமே போகாம எதிர் உத்தரத்துல பைப் போட்டு அதுக்குள்ள புது கேபிள் இழுத்தோம், லைட் பச்சைக்கு வந்துச்சு, கவுண்டர கிளியர் பண்ணிட்டு கெளம்பினேன். ரெண்டு நாள் கழிச்சு போன்ல கேட்டப்ப அவுட்புட் டிராப் பூஜ்யம்னாரு, அணில் மட்டும் இப்ப அந்த பைப்ப மோந்து பாத்துக்கிட்டு இருக்காம்.